மேற்கு வெயிலுக்கு மேலே கூரையா?

மதுரையில் வெயிலுக்கு மறைப்பு என்றால் இன்று பெரும்பாலோர் நினைப்பது ஒன்றைத்தான்: இரும்புக் குழாய் நட்டு, மேலே கலர் ஷீட் போட்ட கூரை. ஆனையூர், விளாங்குடி, திருநகர், வில்லாபுரம், ஒத்தக்கடை என்று நகரம் பரவிய திசையெல்லாம் மொட்டை மாடிகளில் நீலமும் செங்கல் நிறமுமாக இந்தத் தகடுகள் ஏறியிருக்கின்றன. பால்கனிக்கு அதே தகட்டில் சிறிய துண்டு. வெளிச்சமும் வேண்டும் என்பவர்களுக்குப் பாலிகார்பனேட். இந்தத் தேர்வுக்குப் பின்னால் ஒரு நம்பிக்கைத் தொகுப்பு இருக்கிறது. வெயில் மேலிருந்து அடிக்கிறது, ஆகவே மேலே மூட வேண்டும். எவ்வளவு இறுக்கமாக மூடுகிறோமோ அவ்வளவு குளிர்ச்சி. ஒருமுறை செலவழித்துவிட்டால் பிறகு கவலை இல்லை. கிடுகும் தட்டியும் வசதி இல்லாத காலத்துச் சமாளிப்பு. மதுரையின் சூரியனையும் காற்றையும் வைத்துச் சோதித்தால் இவற்றில் முதல் மூன்றும் நிற்கவில்லை. நான்காவதில் ஓர் உண்மை இருக்கிறது. அதிலிருந்து எடுக்கப்படும் முடிவுதான் பிழை.

மதுரை நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 10 டிகிரி வடக்கே இருக்கிறது. ஆகவே சூரியன் ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும், நகரின் நேர் உச்சிக்கு வருகிறது. சித்திரை பிறக்கும் வாரத்தில் பகல் 12.15 மணி சுமாருக்கு நட்டுவைத்த கம்பின் நிழல் கம்பின் காலடியிலேயே விழுந்துவிடும். "வெயில் மேலிருந்து வருகிறது" என்ற எண்ணம் இந்த உச்சிவேளையைப் பார்த்துப் பிறந்தது. ஆனால் உச்சிவேளையில் சுவருக்கும் பால்கனிக்கும் பெரிய தொல்லை இல்லை. தலைக்கு மேல் நிற்கும் சூரியன் மொட்டை மாடித் தளத்தைத்தான் தாக்கும். செங்குத்தான சுவரை அது உரசிக்கொண்டு போகும். வீட்டை வாட்டுவது 2 மணிக்குப் பிறகு மேற்கே சாயும் வெயில்.

கணக்குப் போட்டால் இது தெளிவாகும். ஏப்ரல் நடுவில் மாலை 4 மணிக்கு மதுரையில் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 35 டிகிரி உயரத்தில் இருக்கும். 5 மணிக்குச் சுமார் 21 டிகிரி. மேற்குப் பார்த்த நான்கு அடி அகலப் பால்கனி ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேல்தளத்தின் கான்கிரீட்டே அதற்குக் கூரை; அதைவிடக் கெட்டியான கூரை எந்தக் கடையிலும் கிடைக்காது. அந்தக் கூரையின் நிழல் 4 மணிக்குப் பின்சுவரில் மேலிருந்து மூன்று அடிகூட இறங்காது. 5 மணிக்கு ஒன்றரை அடி. அதற்குக் கீழே கதவு, ஜன்னல், காயப்போட்ட துணி, நாற்காலி எல்லாவற்றின் மீதும் வெயில் நேராக அடிக்கும். ஏழடிக் கதவை 4 மணி வெயிலிலிருந்து மேற்கூரையால் மட்டும் காப்பாற்ற வேண்டுமானால் கூரை பத்து அடி வெளியே நீள வேண்டும். 5 மணிக்குப் பதினெட்டு அடிக்கு மேல். தெருவையே மூடினால்தான் ஆகும். மேற்குப் பால்கனியில் இன்னொரு அடி ஷீட்டை நீட்டிப் பொருத்துபவர் அந்தப் பணத்தை வீணாக்குகிறார்.

தாழ்ந்து வரும் வெயிலைச் செங்குத்தாக நிற்கும் மறைப்புதான் தடுக்கும். மூங்கில் தட்டி, பனையோலைத் தட்டி, சுருட்டி இறக்கும் மூங்கில் திரை, மரச்சட்டத்தில் சாய்த்துப் பொருத்திய பலகைகள், கம்பியில் ஏறிய கொடி என்று எதுவானாலும் சரி, நிற்க வேண்டிய இடம் பால்கனியின் வெளிவிளிம்பு. உட்புறத் திரைச்சீலை இதற்கு ஈடாகாது. கண்ணாடியைக் கடந்து உள்ளே வந்துவிட்ட வெப்பத்தை அது அறைக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். மேற்குச் சுவர் மாலையில் வாங்கிய வெப்பத்தை உடனே தருவதும் இல்லை. ஒன்பது அங்குலச் செங்கல் சுவரைக் கடந்து வெப்பம் உள்ளே வர ஆறேழு மணி நேரம் ஆகும். இரவு பத்து மணிக்குப் படுக்கையறைச் சுவரைத் தொட்டால் சுடுவது மாலை 4 மணியின் வெயில். பால்கனியில் யாரும் உட்காராவிட்டாலும் மேற்கை மறைப்பது அவசியம் என்பதற்கு இந்தக் காரணம் ஒன்றே போதும்.

தெற்குத் திசையே பெரிய எதிரி என்ற கருத்தும் கட்டுமானப் பேச்சில் அடிக்கடி வருகிறது. அது நிலநடுக்கோட்டிலிருந்து தொலைவில் இருக்கும் ஊர்களின் பாடம். மதுரையில் டிசம்பர் நடுப்பகலிலும் சூரியன் தெற்கே 56 டிகிரிக்கு மேல் நிற்கிறது. மூன்றடி சன்ஷேடு ஒன்று நாலரை அடி நிழல் தந்துவிடும். அப்போது காற்றும் சூடாக இருப்பதில்லை. மாறாக ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை நடுப்பகல் சூரியன் வடக்குப் பக்கம் நிற்கிறது. ஆனால் ஜூனில்கூட அது 76 டிகிரி உயரத்தில் இருப்பதால் சிறிய சன்ஷேடே அதைச் சமாளித்துவிடும். ஆக, வடக்கும் தெற்கும் மேலே நீட்டிய மறைப்புக்கு அடங்கும் திசைகள்; கிழக்கும் மேற்கும் அடங்காதவை. 2018இல் வெளியான எகோ நிவாஸ் சம்ஹிதா என்ற குடியிருப்புக் கட்டட ஆற்றல் விதித்தொகுப்பும் கடகரேகைக்குத் தெற்கே உள்ள ஊர்களில் கிழக்கு, மேற்குச் சுவர்களுக்குத் தெற்குச் சுவரைவிட அதிக வெப்பச் சுமையைக் கணக்கில் கொள்கிறது. ஷீட் கடையில் திசையைக் கேட்பவர் அரிது. சதுர அடிதான் முதல் கேள்வி.

இனி தகடு. சித்திரை வெயிலில் நிறம் பூசிய இரும்புத் தகடு 60 டிகிரியை எளிதாகத் தாண்டும். அடர் நீலமும் செங்கல் நிறமும் வெள்ளையைவிட இன்னும் சூடேறும். தகடு மெல்லியது; மேற்பரப்பு எவ்வளவு சூடோ அடிப்பரப்பும் ஏறக்குறைய அவ்வளவு சூடு. அந்த அடிப்பரப்பு கீழே இருப்பவர் மீது நாள் முழுதும் வெப்பக் கதிரை வீசுகிறது. வெயில் கண்ணுக்குப் படாது, நிழல் இருக்கும், ஆனாலும் உச்சந்தலை காயும். எட்டடி உயரத்தில் போட்ட ஷீட்டுக்கு அடியில் பிற்பகல் 3 மணிக்கு நின்று உள்ளங்கையை மேல்நோக்கி விரித்துப் பார்த்தால் இது உடனே புரிந்துவிடும். கையைக் கவிழ்த்தால் உள்ளங்கையில் அந்தச் சூடு இருக்காது. சூடு காற்றில் மட்டும் இல்லை, தகட்டிலிருந்தும் இறங்குகிறது என்பதற்கு வேறு கருவி வேண்டாம். மரத்தடியில் இந்தச் சோதனை வேறு விடை தரும். இலை தன் நீரை ஆவியாக்கிக்கொண்டே இருப்பதால் அதன் வெப்பம் சுற்றியுள்ள காற்றை ஒட்டியே இருக்கிறது. கீழே நிற்பவருக்கு மேலிருந்து கதிர்ச் சூடு இல்லை.

தகட்டுக் கூரை போட்ட பிறகு கீழ் அறை குளிர்ந்தது என்று பல வீடுகளில் சொல்வதுண்டு. அது பொய்யில்லை. மொட்டை மாடித் தளத்தின் மீது நேர் வெயில் படாமல் தடுத்து, நடுவில் காற்று ஓட இடம் விட்டால் கான்கிரீட் குறைவாகவே சூடேறும். பிழை எங்கே வருகிறது என்றால், அறையைக் காக்கும் மறைப்பும் மனிதர் உட்காரும் நிழலும் ஒன்றே என்று எடுத்துக்கொள்வதில். தளத்தைக் காப்பதுதான் நோக்கம் என்றால் தளத்துக்கு வெள்ளைப் பூச்சு பெரும் பகுதி வேலையை மிகக் குறைந்த செலவில் செய்துவிடும். அதற்கு இன்னொரு நன்மையும் உண்டு. கான்கிரீட் இரவில் தன் வெப்பத்தைத் திறந்த வானத்துக்குக் கதிராக விட்டுத்தான் ஆறுகிறது. மேலே ஷீட் நின்றால் தளம் வானத்தைப் பார்க்காது, ஆறுவது தாமதமாகும். கோடை இரவில் பாயை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்ப் படுக்கும் வழக்கம் மதுரை வீடுகளில் தேய்ந்துவருவதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். நிரந்தரத் தகடு அவற்றில் உறுதியாக ஒன்று. பகலில் நான்கைந்து மணி நேர வெயிலுக்காக, ஆண்டின் எல்லா இரவுகளிலும் வானத்தை மூடிவைப்பது மிக மோசமான பேரம்.

பாலிகார்பனேட் இதைவிடக் கேடு. அது புற ஊதாக் கதிரைத் தடுக்கும் என்பது உண்மை. வெளிச்சத்தோடு வரும் வெப்பத்தை உள்ளே விடும். தரையிலிருந்து எழும் நீண்ட அலை வெப்பக் கதிரை வெளியே விடாது. பக்கங்களும் மூடியிருந்தால் அது பசுமைக்குடில். குளிர்நாட்டில் செடியைக் கதகதப்பாக வைக்கக் கண்டுபிடித்த ஏற்பாடு. மலைப்பகுதி வீட்டு முற்றத்துக்கு அது பொருந்தலாம். 40 டிகிரியைத் தொடும் ஊரில் அதை இருக்கைக்கு மேலே போடுவதற்கு நியாயம் இல்லை.

பச்சை வலை பற்றிய தவறு வேறு வகையானது. நர்சரிகளில் பயன்படும் இந்த வலை 50, 75, 90 விழுக்காடு என்று விற்கப்படுகிறது. எண் எவ்வளவு வெளிச்சத்தைத் தடுக்கும் என்பதைக் குறிக்கிறது. எண் கூடினால் நல்லது என்று பலரும் 90ஐ வாங்கித் தலைக்கு ஓரடி மேலே இறுக்கிக் கட்டுகிறார்கள். நெருக்கமாகப் பின்னிய வலை வெளிச்சத்தோடு காற்றையும் தடுக்கிறது, சூடான காற்று அடியிலேயே தேங்கி நிற்கிறது. 50 அல்லது 75 விழுக்காடு வலையை எட்டு பத்து அடி உயரத்தில், ஒரு பக்கம் சரிவாகக் கட்டினால் கிடைக்கும் நிழல் வெளிச்சமாகத் தெரியும், ஆனால் உடம்புக்கு இதமாக இருக்கும். கிடைக்கும் இடத்தில் வெள்ளி நிற வலையை வாங்குவது மேல். அது வெயிலில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகிறது.

இறுக்கமாக மூடினால் குளிர்ச்சி என்ற நம்பிக்கைக்கு வலுவான மறுப்பு மதுரையின் காற்றிலேயே இருக்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்கள் வழியாகப் புகுந்து வரும் காற்று சமவெளிக்கு மேற்கிலிருந்தே வருகிறது. எரிக்கும் வெயிலும் மேற்கு, ஆற்றும் காற்றும் மேற்கு. இந்த ஊரில் மறைப்பைத் தேர்ந்தெடுப்பதின் சிக்கல் முழுதும் இதற்குள் அடங்கிவிடுகிறது. மேற்குப் பக்கத்தைத் தகடாலோ கண்ணாடியாலோ அடைத்துவிட்டால் வெயிலோடு காற்றும் போயிற்று. பிறகு மின்விசிறி, பிறகு ஏசி. விரல் இடைவெளி விட்டுப் பின்னிய தட்டியோ, கொடியோ வெயிலை உடைத்துக் காற்றை விடும்.

ஆடிக் காற்று தகட்டுக்கு வேறு ஆபத்தும் தருகிறது. இருபதுக்குப் பத்தடி ஷீட் கூரை ஒன்றின் மீது மணிக்கு 60 கிலோமீட்டர் வேகக் காற்று கீழிருந்து மோதினால், ஏறத்தாழ 300 கிலோ எடையைத் தூக்கும் அளவுக்கு விசை பிறக்கலாம். அந்தத் தகடுகளின் எடையோ நூறு கிலோவை எட்டாது. மீதியை நான்கு தூண்களும் தளத்தில் முடுக்கிய போல்ட்டுகளும்தான் பிடித்தாக வேண்டும். அவை துருப்பிடித்திருக்கின்றனவா என்று ஆண்டுக்கொருமுறை பார்க்கும் வீடுகள் எத்தனை? "ஒருமுறை செலவு" என்ற பேச்சு இந்த இடத்தில் ஆபத்தானதாகிறது. பறந்துபோகும் ஷீட் பக்கத்து வீட்டின் மீதோ தெருவில் போகிறவர் மீதோதான் விழும்.

காற்றை விட்டு வெயிலைத் தடுக்கும் அறிவு இந்த மண்ணுக்குப் புதியதில்லை. மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் எழுப்பிய புது மண்டபம் வசந்த விழாவுக்காகக் கட்டப்பட்டது. கோடைக்கான மண்டபம் என்பதால் அதற்கு உயரமான கல்கூரையும் வரிசைத் தூண்களும் அமைத்தார்கள். சுற்றிலும் நீர் நிரப்பும் பள்ளம் வைத்தார்கள். இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1960களிலும் 1970களிலும் மதுரைப் பகுதியில் வடிவமைத்த சிறுவர் நகர் என்ற வளாகத்திலும் ஒரு கிளப்பிலும் நம்பியது தாழ இறங்கும் ஓட்டுக் கூரையையும் ஆழமான தாழ்வாரத்தையும். அரசர் கட்டியதையும் பெரிய கலைஞர் கட்டியதையும் விட்டுவிட்டாலும், சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் ஒன்றைப் பார்த்தால் போதும். வெற்றிலைக்கு நேர் வெயில் ஆகாது, புழுக்கமும் ஆகாது. அதனால் விவசாயி முதலில் அகத்தியை நெருக்கமாக விதைத்து வளர்க்கிறார். அதன் மீது கொடியை ஏற்றுகிறார். நிழல் மிஞ்சிப்போனால் அகத்தியின் கிளையைக் கழித்துவிடுகிறார். அகத்தி இலை சிறியது, காற்றுக்கு அசைவது, வெளிச்சத்தைச் சல்லடைபோல வடிப்பது. உள்ளே நுழைபவருக்கு வரப்பில் இருந்த வெயிலின் கடுமை நான்கு எட்டில் மாறிவிடுவது தெரியும். பருவத்துக்கு ஏற்ப நிழலைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிற இந்த ஏற்பாட்டை நிரந்தரத் தகடு எந்த நாளும் தர முடியாது.

கிடுகுப் பந்தலுக்கு எதிரான வாதத்தைத் தட்டிக் கழிக்கக் கூடாது. 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் திருமண மண்டப மாடியில் போட்டிருந்த பந்தல் பற்றியெரிந்து மணமகன் உட்படப் பலர் இறந்தார்கள். அதே ஆண்டு ஜூலை 16இல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் கருகினார்கள். அங்கும் கீற்றுக் கூரை. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் கூரைக் கொட்டகையில் சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் மாண்டார்கள். இந்தச் சாவுகளுக்குப் பிறகு பள்ளிகளில் ஓலைக் கூரை அகற்றப்பட்டது சரியான முடிவு. மாடியில், மின்கம்பிக்கும் அடுப்புக்கும் பக்கத்தில், ஒரே படிக்கட்டு உள்ள கட்டடத்தில் காய்ந்த ஓலைக்கு இடம் கொடுக்கவே கூடாது. இந்த வரம்பில் விட்டுக்கொடுப்புக்கு வழியில்லை. ஆனால் ஓலை எரியும் என்பதிலிருந்து தகடு நல்லது என்ற முடிவு எப்படி வரும்? தீக்கு அஞ்சி விலக்க வேண்டியது காய்ந்த ஓலையை. காற்றோட்டமான, கழற்றக்கூடிய, திசையறிந்த மறைப்பு என்ற வழியை அல்ல. பச்சைக் கொடி எளிதில் பற்றாது. நாட்டு ஓடு எரியாது. சாய்பலகை அடைப்பை அலுமினியத்தில் செய்யலாம். இவை எல்லாவற்றையும் தாண்டி நேராகத் தகட்டுக்குத் தாவியதுதான் பிழை.

மேற்குப் பால்கனிக்கு வெளிவிளிம்பில் மேலும் கீழும் கம்பி இழுத்து, தொட்டியில் கொடி வைப்பதே முதல் தேர்வாக இருக்க வேண்டும். பீர்க்கு, பாகல், அவரை ஆகியவை விரைவில் படரும். ரங்கூன் மல்லியும் சங்குப்பூவும் நீண்ட நாள் நிற்கும். காகிதப்பூ வறட்சியைத் தாங்கும், ஆனால் முள் உள்ளது; குழந்தைகள் நடமாடும் பால்கனிக்கு ஏற்றதல்ல. கொடிக்கு நீரோ பராமரிப்போ முடியாத இடத்தில் சுருட்டும் மூங்கில் திரை: 2 மணிக்கு இறக்கி, பொழுது சாய்ந்ததும் ஏற்றிவிட வேண்டும். திரையின் அடிக்கட்டையைக் கைப்பிடிக் கம்பியில் கட்ட வளையம் வைக்காவிட்டால் ஆடியில் அது சுவரில் அடித்தே உடையும். சித்திரை, வைகாசிப் பிற்பகல்களில் காற்றின் ஈரப்பதம் இறங்கிவிடுவதால் வெட்டிவேர்த் தட்டியில் நீர் தெளித்தால் நல்ல பலன் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழைநாட்களில் அதனால் பயனில்லை, பூஞ்சைதான் பிடிக்கும்; கழற்றிக் காயவைத்து எடுத்து வைக்க வேண்டும்.

கிழக்குப் பால்கனிக்கு இவ்வளவு வேண்டியதில்லை. காலை வெயில் தாழ்ந்து வந்தாலும் காற்று அப்போது ஆறியிருக்கும். மெல்லிய திரை போதும், துணி காயவும் அந்த வெயில் தேவை. தனி வீட்டு முற்றத்தில் இடம் இருந்தால் மேற்கே ஒரு வேம்பு. அது மாசி வாக்கில் இலையுதிர்த்து, வெயில் ஏறும் பங்குனி, சித்திரையில் புதுத் தழையோடு நிற்கும். எந்தக் கடையிலும் இப்படிப் பருவம் அறிந்த கூரை கிடைக்காது. வேர் அஸ்திவாரத்தைத் தொடாதபடி சுவரிலிருந்து தள்ளி நடுவது அவசியம்.

ஏற்கெனவே ஷீட் போட்டுவிட்டவர்கள் அதைப் பிரிக்க வேண்டும் என்பதில்லை. மேற்பரப்பில் வெப்பம் திருப்பும் வெள்ளைப் பூச்சு அடிக்கலாம். அடியில் ஒரு சாண் இடைவெளி விட்டுச் சிமெண்ட் பலகையோ மூங்கில் பாயோ தொங்கவிட்டால் தகட்டின் கதிர்ச் சூடு நேராகத் தலையில் இறங்காது. பாய் என்றால் மின்கம்பி அதன் அருகே போகக் கூடாது. சரிவின் உயர்ந்த பக்கத்தில் சூடான காற்று வெளியேற இடைவெளி வேண்டும். புதிதாகப் போட்டே ஆக வேண்டிய கட்டாயம் உள்ளவர்கள் நடுவில் நுரைப்பொருள் வைத்த பேனலைப் பார்க்கலாம். விலை கூடுதல், ஆனால் அடிப்பக்கம் கொதிக்காது.

கொடிக்கும் தட்டிக்கும் வேலை அதிகம் என்ற மறுப்பு எஞ்சுகிறது. வேலை இருக்கத்தான் செய்கிறது: தினம் ஒரு குடம் நீர், ஆண்டுக்கொருமுறை கயிறு மாற்றுதல், மழைக்கு முன் கழற்றுதல். தகட்டுக்கும் போல்ட் பார்க்கும் வேலையும், சாயம் உரிந்த இடத்தில் துரு துடைக்கும் வேலையும் உண்டு. அதைச் செய்யாமல் விடுகிறோம் என்பதால் அது இல்லாததாகிவிடாது. வாடகை வீட்டில் இருப்பவருக்குக் கழற்றிக்கொண்டு போகக்கூடிய திரையும் தொட்டிக் கொடியும்தான் கைகொடுக்கும், சுவரில் துளை போட்டு ஏற்றும் ஷீட் அல்ல. அடுக்கக வாசிகள் சங்கத்தில் பேசி மேற்கு முகம் முழுவதற்கும் ஒரே மாதிரியான கம்பிச் சட்டம் வைத்துக்கொண்டால் செலவும் குறையும், மேல்வீட்டுக் கொடி கீழ்வீட்டுக்கும் நிழலாகும்.

ஷீட்காரருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு மாலை 4 மணிக்குப் பால்கனியில் நின்று வெயில் எந்தப் பக்கமிருந்து, எந்த உயரத்தில் வருகிறது என்று பாருங்கள். தையில் ஊன்றிய பீர்க்கும் பாகலும் பங்குனி முடிவதற்குள் கம்பி முழுதும் படர்ந்துவிடும்; சித்திரை பிறந்த பிறகு விதை தேடினால் அந்தக் கோடைக்கு அது உதவாது.